மனைவிக்குத் தெரியும்

என் கணவருக்குக் காதலி பிடித்துக் கொடுக்கும் விளம்பரத்தை எழுதியது நான்தான். ஏனோதானோ என்று எழுதவில்லை, நன்றாகவே எழுதினேன். அதுதான் வம்பாகப் போயிற்று.

வீட்டுச் சாமான்கள் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்குச் செய்முறைக் குறிப்பு எழுதுகிற வேலை. மிக்ஸியோ இஸ்திரிப் பெட்டியோ வாங்கினால் உள்ளே நாலாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் தூக்கிப் போடுவீர்களே, அந்தத் தாளுக்காகத்தான் எனக்குப் பதினோரு வருடமாகச் சம்பளம். ஈரக் கையால் தொடாதீர்கள், மூடியைத் திருகும்போது முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். உலகத்துக்கு இவ்வளவு புத்தி சொல்லியிருக்கிறேன். என் வீட்டில்தான் கோட்டை விட்டேன்.

அவருக்குக் கண்ணாடிக் கடை. கண் பார்த்து, அளவெடுத்து, ஃபிரேம் மாட்டிக் கொடுப்பார். வயது நாற்பத்தாறு. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேர் போதவில்லை என்பது அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோன்றியது.

துவைத்த படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம்.

"நம்ம ரெண்டு பேரும் ஓப்பன் ரிலேஷன்ஷிப் பத்தி யோசிக்கணும்" என்றார்.

"முனையை நேராப் பிடிங்க" என்றேன்.

அவர் விடவில்லை. கடையில் ஆள் வராத நேரத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு யார் யாரோ பேசுவதைக் கேட்டு, தலை நிறைய ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒருவர் இன்னொருவரின் உடைமை இல்லையாம். அன்பு பங்கு போட்டால் குறைகிற சாமான் இல்லையாம். பொறாமை என்பது நாம் உட்கார்ந்து உரையாட வேண்டிய ஓர் உணர்வாம். வீட்டில் கேஸ் தீர்ந்தால் இன்னொரு சிலிண்டருக்குச் சொல்லத் தெரியாத மனிதர், பொறாமையோடு உரையாடப் போகிறாராம்!

"யாராவது இருக்காளா?" என்று நேராகக் கேட்டேன்.

"சேச்சே! கொள்கை அளவுலதான் சொல்றேன். இருந்தா உங்கிட்ட சொல்லாமப் பண்ணுவேனா? இதுல நேர்மைதான் முக்கியம்."

நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். பனியனை முட்டிக்கொண்டு தொப்பை. தலையில் அடிக்கிற சாயம் தலையணையில் பாதி. தும்ம ஆரம்பித்தால் எட்டுத் தும்மலுக்குக் குறையாது. இந்த உருப்படியை எவள் வந்து கொத்திக்கொண்டு போகப் போகிறாள்? எனக்குச் சிரிப்புதான் வந்தது. மகாராணி மாதிரி தலையை ஆட்டினேன்.

"தாராளமாப் பண்ணுங்க. எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல."

அவர் முகம் விழுந்துவிட்டது. நான் அழுவேன், அவர் தேற்றுவார், இரண்டு மாதம் விவாதம் நடக்கும் என்று ஏற்பாடோடு வந்திருந்தார் போல. விரிப்பைத் தப்பாக மடித்து வைத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கே டேட்டிங் ஆப்பில் சேர்ந்தாயிற்று. மூன்று வாரம் ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. சாப்பிடும்போது போனை எடுத்துப் பார்ப்பார், தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பார், மறுபடி எடுப்பார். "இந்தப் பக்கம் சிக்னலே சரியில்ல" என்பார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

நாலாவது வாரம் போனை என்னிடம் நீட்டினார்.

"நீ எழுதற வேலைலதானே இருக்கே. கொஞ்சம் பாத்துக் குடேன்."

ஊர் உலகத்தில் எந்தப் பெண்டாட்டிக்காவது இப்படி ஒரு வேலை வந்திருக்குமா? போனைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தேன்.

'நான் ஒரு கடல். கடலில் பல நதிகள் கலக்கலாம். எல்லைகளற்ற அன்பின் பயணி. உடைமை உணர்வைக் கடந்தவன். மனைவியின் முழு சம்மதத்துடன் வெளிப்படையான, நெறிசார்ந்த பல உறவுகளை நாடுகிறேன். குறுகிய மனம் கொண்டோர் தவிர்க்கவும்.'

கீழே படம். கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கண் டாக்டர் மாதிரி நிற்க ஆசைப்பட்டு, டிரைவர் மாதிரி நின்றிருந்தார்.

சிரித்துத் தீர்த்தேன். ஆனால் மறுநாள் ஆபீசில் உட்கார்ந்தால் அந்த வரிகள்தான் கண்முன் ஓடின. என் தொழில் புத்தி அப்படி. மோசமான குறிப்பைப் பார்த்தால் யாருடையதாக இருந்தாலும் கை அரிக்கும். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு: எழுதிய குறிப்பைச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, இதைப் படித்து உனக்கு என்ன தெரிந்தது என்று கேட்போம். நடுவில் வாயைத் திறந்து விளக்கக் கூடாது. அவர் வரிகளைத் தாளில் எழுதி, குறிப்புகளுக்குப் படம் வரைகிற பக்கத்து மேசைக்காரியிடம் நீட்டினேன். எதிர்வீட்டுக்காரருடையது என்று ஒரு பொய் சொல்லிவைத்தேன்.

அவள் இரண்டு தரம் படித்தாள்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. எல்லையே இல்லங்கறாரு. இன்டர்நெட் கனெக்ஷன் விக்கிறாரா?"

"ஆளு எப்படின்னு தெரியுதா?"

"வாயைத் திறந்தா மூட மாட்டாருன்னு தெரியுது. பாவம், அந்தப் பொண்டாட்டி எப்படித்தான் சமாளிக்கிறாளோ!"

அன்றைக்கு மாலை அவரை மேசை முன்னால் உட்கார வைத்தேன். குக்கர் செய்த இஞ்சினியரைக் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"வாரத்துல எத்தனை நாள் வெளிய போக முடியும்?"

"அன்புக்கு நேரக்கணக்கு..."

"செவ்வாக்கிழமை முடியுமா?"

"முடியாது. அன்னிக்குத்தான் ஃபிரேம் சரக்கு வரும்."

"வியாழன்?"

"வியாழன் சாயங்காலம் முடியும். ஆனா ஒன்பதுக்குள்ள வந்துடணும், இல்லன்னா எனக்கு வயிறு பொருமும்."

"ஞாயிறு?"

"மத்தியானம் தூங்கணுமே."

கூட்டிப் பார்த்தேன். வாரத்துக்கு நாலு மணி நேரம். நாலு மணி நேரக் கடல்!

அப்புறம் அவரை எழுப்பி அனுப்பிவிட்டு நானே எழுதினேன். அவரைக் கேட்டால் திரும்பவும் நதி, சமுத்திரம் என்பார். அவரைப் பற்றி எனக்கா தெரியாது?

'கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மனைவியுடன் வசிக்கிறேன், அது மாறாது. மனைவிக்குத் தெரியும். வியாழன் மாலை நாலு மணி நேரம் கிடைப்பேன். பேசும்போது குறுக்கே பேசுவேன், கையைக் காட்டினால் நிறுத்திவிடுவேன். தெருவில் யாருடைய கண்ணாடி கோணலாக இருந்தாலும் நிறுத்தி நிமிர்த்திக் கொடுப்பேன். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் மணிக்கொரு தரம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், நீங்கள் எரிந்து விழுந்தாலும். பாட வராது, இருந்தாலும் பாடுவேன். சண்டை போட்டால் முதலில் நான்தான் வருவேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வராது, ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக நீட்டுவேன். வாங்கிக்கொண்டால் போதும்.'

ஓர் இடத்தில்தான் கை நின்றது. அவர் எழுதியிருந்தது 'முழு சம்மதத்துடன்'. என் கையால் அதை எழுத வரவில்லை. 'தெரியும்' என்று எழுதினேன். சுருக்கமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

அவர் படிக்கவில்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று அப்படியே ஒட்டினார். கறுப்புக் கண்ணாடிப் படத்தை எடுத்துவிட்டு, நான் எப்போதோ எடுத்த படத்தைப் போட வைத்தேன். யாரோ ஒருவருடைய கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருக்கிற படம்.

நாலே நாளில் பதினோரு பேர்.

பதினோரு பேர்! குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்டது. புதுச் சட்டை வந்தது. தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நடமாடினார். யாரைக் குறை சொல்ல? விற்காத சரக்கை விற்றுக் கொடுத்தவள் நான்.

இரண்டு மாதம் போனில் பேசிப் பார்த்ததில், பதினோரு பேரில் ஒருத்திதான் கடைசிவரை நின்றாள். லிஃப்ட் பழுது பார்க்கிற இஞ்சினியர், முப்பத்தேழு வயது. அவளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. அதைச் சொல்ல இவர் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு ஓடி வந்தார்.

"என்னைப் பாக்கறதுக்கு முன்னாடி உன்னைப் பாக்கணுமாம்! இதுல முறையா இருக்கறவங்க அப்படித்தானாம். வீட்ல இருக்கறவங்ககிட்ட நேராக் கேட்டுட்டுத்தான் மேல பேசுவாங்களாம். என்ன ஒரு நேர்மை பாத்தியா?"

"நான் என்ன சொல்லணும்?"

"இருக்கறதைச் சொல்லு. கொஞ்சம் நல்லவிதமா. அந்தத் தும்மல் விஷயமெல்லாம் வேண்டாம்."

வாடகை வீட்டுக்குப் போகிறவனுக்குப் பழைய வீட்டுக்காரி நற்சான்று கொடுக்க வேண்டும். சரி, கொடுத்தால் போயிற்று என்று கிளம்பினேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசுக்குக் கீழே இருக்கிற டீக்கடையில் சந்தித்தோம். வாசனைத் திரவியமும் சிரிப்புமாக ஒருத்தி வருவாள், இரண்டு வார்த்தையில் மட்டம் தட்டி அனுப்பலாம் என்று போனால், காக்கி மேல்சட்டை, தோளில் கருவிப் பை, நகக்கண்ணில் கிரீஸ். ஏதோ ஒரு கட்டடத்தில் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டை ஓட வைத்துவிட்டு நேராக வந்திருந்தாள்.

"அக்கா, லேட்டாயிடுச்சா?" என்றாள்.

அக்கா! அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. மூத்தவள் நான், இளையவள் நீயா? ஆனால் அவள் டீ கொண்டுவந்தவரையும் அண்ணா என்றாள். வாய்ப்பழக்கம் போலிருக்கிறது.

தன்னைப் பற்றி மறைக்காமல் சொன்னாள். ஒருவரோடு ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறாள். அவருக்கும் தெரிந்து இன்னொருவரோடு இரண்டு வருடமாகப் பழக்கம். மூன்று பேருக்கும் பொதுவாகப் போனில் ஒரு காலண்டர், ஆளுக்கொரு நிறம்.

"வெளிய இருந்து பாக்கறவங்க எங்க வீட்ல என்னமோ கூத்து நடக்குதுன்னு நெனப்பாங்க. பாதி நேரம் காலண்டர் பாத்தே போயிடுதுக்கா. இந்த வாரம் மாவு அரைக்கறது யாருன்னே முடிவாகல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைப் பிடித்துப் போகக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் போனை எடுத்து அந்த விளம்பரத்தைத் திறந்தாள்.

"இது அவர் எழுதினது இல்ல, இல்லையா?"

நான் டீயை ஆற்றினேன்.

"இந்த மாதிரி நூத்துக்கணக்குல படிச்சிருக்கேன். எல்லாம் கடலு, வானம், பறவை. நெத்தியத் தொட்டுப் பாக்கறது, ஆரஞ்சு உரிக்கறது... இது ஒரு ஆளுக்குத் தன்னைப் பத்தித் தெரியாதுக்கா. காய்ச்சல்ல படுத்திருந்தவங்களுக்குத்தான் தெரியும்."

"நான்தான் எழுதினேன். எனக்கு அதுதான் தொழில்."

"'மனைவிக்குத் தெரியும்'னு போட்டிருக்கீங்க. மத்தவங்க எல்லாரும் சம்மதம்னு போடுவாங்க, பொய்யா இருந்தாலும். நீங்க போடல. அதான் உங்களைப் பாக்கணும்னு சொன்னேன்." டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்களுக்குச் சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மூன்று மாதம் வீட்டில் மகாராணி வேஷம் கட்டியாயிற்று, இவளிடம் போய் மானத்தை விடுவானேன்? ஆனால் வந்தது வேறு.

"யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் சரின்னேன்."

அவள் பக்கென்று சிரித்தாள். பக்கத்து மேசையில் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அது சம்மதம் இல்லக்கா. நக்கல்."

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நான் வரல. உங்களுக்குப் பாவம் பாத்து இல்ல, எனக்கு இது ஒத்துவராது. ஆனா ஏன் வரலன்னு அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது." பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சொல்லாம விட்டீங்கன்னா அடுத்து வர்றவ எதையும் கேக்காமலே வந்துடுவா."

டீக்குக் காசும் அவளே கொடுத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து, புதுச் சட்டையோடு வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னா?"

"வரலையாம்."

"ஏன்? தும்மலைச் சொல்லிட்டியா?"

"எனக்குச் சம்மதம் இல்லன்னு சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. "நீதானே சரின்னே? நீதானே எழுதியும் குடுத்தே? அப்ப மூணு மாசமா என்ன பண்ணிட்டிருந்தே?"

இதற்கு நயமாக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். எத்தனையோ நயமான வாக்கியங்கள் எனக்குத் தெரியும். ஆனால் அந்த லிஃப்ட்காரி சொல்லச் சொன்னது இதைத்தானே.

"உங்களைத் தேடி யாரும் வர மாட்டாங்கன்னு நெனச்சேன். அதான் சரின்னேன்."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. புதுச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். இழுத்துப் பிடித்திருந்த தொப்பை மெல்ல இறங்கியது. பத்தொன்பது வருடத்தில் அவரை அவ்வளவு சின்னவராக நான் பார்த்ததில்லை.

"ஒருத்தர்கூடவா?" என்றார்.

"அந்தப் போனை எடுங்க. நான் எழுதினதை ஒரு தடவையாவது படிங்க" என்றேன்.

நின்றுகொண்டே படித்தார். உதடு அசைந்தது. ஆரஞ்சு வந்த இடத்தில் அசைவது நின்றது.

"இதெல்லாம் நீ கவனிச்சியா?"

"பின்னே யார் கவனிப்பா?"

"எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதே இல்லையே. சொல்லியிருந்தா நான் எதுக்கு வெளிய போயி..."

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்! "ஓஹோ, கடைசில பழி என் தலைலயா? பொறாமையோட உரையாடத் தெரியும், உடைமையைக் கடக்கத் தெரியும். என்னைப் பத்தி ஒரு வரி சொல்லுங்க பாப்போம். நதி கிதி இல்லாம. பத்தொன்பது வருஷமா கூட இருக்கேனே, ஒரே ஒரு வரி! இப்பவே!"

வாயைத் திறந்தார், மூடினார். மூன்று மாதமாக ஓயாத வாய். வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டலாம் என்று நினைத்தேன், அழுகைதான் வந்தது.

"உடனே வராது. எழுதித் தரட்டுமா?" என்றார்.

"எழுதுங்க. அதையும் என்னைத் திருத்திக் குடுன்னு கேட்டீங்க, கொன்னுடுவேன்."

கடை ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அரிசி களைந்து, உலை வைத்து, காய் நறுக்கி, தாளித்து முடிக்கிற வரை மேசைப் பக்கமிருந்து ரசீதைக் கிழிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஆறு ஏழு ரசீது கிழிந்திருக்கும். சோறு வடித்து நிமிர்ந்தபோது அவர் அடுப்படி வாசலில் நின்றார். தானே படித்துக் காட்டத் தெம்பில்லாமல் ரசீதை நீட்டினார்.

'என்னைத் தேடி ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று நினைத்தவள். ஆனாலும் வருகிற மாதிரி எழுதிக் கொடுத்தவள்.'

ஈரக் கையோடு அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொழில் புத்தியில் தப்புத் தேடினேன். எதைத் தூக்கலாம், எதை மாற்றலாம் என்று மேலும் கீழும் பார்த்தேன். திருத்த ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.